கட்டைவிரல் துள்ளும் அளவு

"தாழ்ப்பாளைக் கழட்டிட்டா நான் எப்படிங்க குளிக்கிறது?"

"பாடிக்கிட்டே குளி, குயிலு. பாட்டு நின்னா உள்ளே ஓடி வருவேன். நிக்கலைன்னா ஊரை விட்டே ஓடிடுவேன்."

திருப்புளியும் கையுமாக நின்ற கணவன் அப்படிச் சொன்னதும் அவளும் சிரித்துவிட்டாள். முதல் வலிப்பு வந்த வாரம் அது. ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை. அவன் கண்ணுக்கோ காதுக்கோ எட்டாமல் அவள் ஒரு நிமிஷம் இருந்ததில்லை. கொஞ்ச நேரம் தனிமை கேட்டுவிட வேண்டும் என்று எத்தனையோ முறை வாய் வரை வந்திருக்கிறது. தூக்கம் கெட்டுச் சிவந்த அவன் கண்களைப் பார்த்ததும் விழுங்கிவிடுவாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அதை நினைத்துச் சிரிக்கப் போனபோதுதான், வலது கட்டைவிரல் ஒருமுறை துள்ளியது.

இயந்திரம் அணைந்திருந்தது.

வெளியே நல்ல வெயில் நேரம். ஆனால் ஜன்னலில்லாத அந்த அறையில், சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டி, விளக்கையும் தணித்திருந்ததில் பகல் என்ற ஒன்றே இல்லாததுபோல் இருந்தது. தலை முழுக்க ஒட்டிய ஒயர்களிலிருந்து பசையின் புளித்த வாடை மெல்ல மூக்குக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இரவு முழுக்க அவளைத் தூங்கவிடவில்லை. தூக்கம் கெட்ட மூளை எவ்வளவு சுலபமாகக் கிளர்கிறது என்று அளக்க வேண்டுமாம். பரிசோதனை செய்யும் பெண் இயந்திரத்தின் காந்தச் சுருளைத் தலையருகே பிடித்து ஒரு தட்டு தட்டுவாள், டக் என்று கேட்கும், கட்டைவிரல் துள்ளும். எவ்வளவு சின்னத் தட்டலுக்குத் துள்ளுகிறதோ அவ்வளவு ஆபத்து. மூளை அடங்கியிருந்தால் மாத்திரையைக் குறைக்கலாம், தனியாக இருக்கலாம், தாழ்ப்பாள்கூடப் போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த ஆசையில் கை விறைத்துக்கொண்டே இருந்தது. அளவு சரியாக வரவில்லை.

"கையைப் பிடிச்சு வைக்காதீங்க. அது உங்களோடது இல்லைன்னு விட்டுடுங்க" என்றாள் அந்தப் பெண்.

விட்டாள். மனசார, முழுசாக விட்டுக் கொடுத்தாள். அளவு அருமையாக வந்தது. இனித் தூங்குங்கள், அதையும் பதிவு செய்யணும் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டு, சுருளைச் சுவரோரம் தள்ளி, ப்ளக்கைப் பிடுங்கிச் சுற்றி வைத்துவிட்டு, இவள் கணவன் கேமரா வழியாகப் பார்த்தபடி காத்திருந்த பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

டக்.

மறுபடி கட்டைவிரல். சத்தம் சுவரோரத்திலிருந்து வரவில்லை. மண்டைக்குள்ளிருந்து வந்தது. அடுத்த தட்டில் ஆள்காட்டி விரல். அடுத்ததில் மணிக்கட்டு. யாரோ புது வீட்டுக்குள் வந்து ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்ப்பதுபோல், அவசரமே இல்லாமல். இடது கையால் வலது கையைப் பிடிக்க நினைத்தாள்.

இடது கை வரவில்லை.

டக். முழங்கை. டக். தோள். வலிப்பு இல்லை இது. வலிப்பு வந்தால் நினைவு போய்விடும். இப்போது எல்லாம் தெரிந்தது. கூப்பிட வேண்டும். வாயைத் திறக்க வேண்டும்.

திறக்கவில்லை.

தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. கணவனின் குரல். ஆறு வருஷத்தில் அந்தக் குரல் இவ்வளவு இனித்ததில்லை.

"குயிலு, தூக்கம் வரலியா? நான் பார்த்துட்டே இருக்கிறதாலதான்னு இவங்க சொல்றாங்க. நீ சொன்னா, ரெண்டு பேருமே வெளியே போயிடறோம். என்ன, இருக்கட்டுமா, போகட்டுமா?"

இருங்க. உள்ளே வாங்க. கதவை உடைச்சுக்கிட்டு வாங்க.

டக். தாடை.

டக். உதடு.

டக். நாக்கு.

வலது கை தானாக எழுந்து, நெற்றியில் விழுந்த முடியைப் பதமாக ஒதுக்கியது. முகம் கேமரா பக்கம் திரும்பிச் சிரித்தது. அவளுடைய குரல், நடுக்கமே இல்லாமல், அவள் ஒருநாளும் பேசியிராத பிரியத்தோடு கேட்டது:

"கொஞ்ச நேரம் என்னைத் தனியா விடுங்களேன்."