பதினோராம் எண் முகத்துணி

மூன்றாம் அறையை மறுபடியும் திறந்த அன்று கும்மிடிப்பூண்டியில் நூற்றெட்டு டிகிரி வெயில். கம்பெனி பஸ் தொழிற்பேட்டை கேட்டில் இறக்கிவிட்டபோது காலை எட்டரைதான். அதற்குள் தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது. ஜெனிபர் துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, வரிசையில் கடைசியாக உள்ளே போனாள்.

அது குளிர்பதனக் கிடங்கு. இறாலும் உருளைக்கிழங்குத் துண்டுகளும் ஐஸ்கிரீமும் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும் நான்கு பெரிய அறைகள். வெளியே வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. மூன்றாம் அறையை ஐந்து வாரம் பூட்டி வைத்திருந்தார்கள். முந்தின நாள் ஒரு பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார். அவர் போனதும் எலுமிச்சம்பழம் அறுத்து நான்கு மூலையிலும் வைத்தார்கள். இரண்டையும் ஏற்பாடு செய்தவர் சூப்பர்வைசர் சடையப்பன்.

உடை மாற்றும் அறையில் ஜெனிபர் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டாள். பிறகு குல்லா. தலை, காது, கழுத்து எல்லாவற்றையும் மூடும் பஞ்சு வைத்த குல்லா அது. முகத்துக்கு மட்டும் தனித்துணி. பக்கத்துக்கு மூன்றாக ஆறு டிக் பட்டன்கள் வைத்து அதைக் குல்லாவோடு மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டியபின் கண்கள் மட்டும்தான் வெளியே தெரியும். ஆணா பெண்ணா என்றுகூட அடையாளம் தெரியாது.

மூச்சுக்காற்றில் அந்தத் துணி நனைந்து விறைத்துவிடும் என்பதால், வெளியே வருகிறவர்கள் அதைக் கழற்றி, சுவரில் தங்கள் எண் போட்ட ஆணியில் உலரப் போடுவார்கள். ஆணியில் துணி இருந்தால் ஆள் வெளியே வந்துவிட்டார் என்று கணக்கு. அதைப் பார்த்துத்தான் சடையப்பன் அறைகளைப் பூட்டுவார்.

ஜெனிபரின் எண் பதினொன்று. ஏழாம் ஆணி இப்போது காலியாக இருந்தது. அது ஸ்டீபனுடையது.

அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் பட்டன்களை மாட்டினாள்.

ஐந்து வாரத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, ஒன்றரை மணி வரைக்கும் அரைநாள் வேலை. அவளுடைய முகத்துணியில் இடது பக்கத்துக் கீழ்ப் பட்டன் பிய்ந்துபோயிருந்தது. அந்த மூலை தொங்கிக்கொண்டே இருந்ததில் குளிர் பிளேடு மாதிரி உள்ளே புகுந்தது. புதுசு கேட்டதற்கு, அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார் சடையப்பன். பகல் பன்னிரண்டு மணிக்கு ஸ்டீபன் கேன்டீனுக்குப் போன நேரத்தில், அவனுடைய நல்ல துணியை எடுத்து மாட்டிக்கொண்டு தன்னுடையதை ஆணியில் விட்டுவிட்டு அவள் முதல் அறைக்குள் போனாள். ஒருவர் துணியை ஒருவர் போடக் கூடாது, பிடிபட்டால் ஒரு வாரம் வேலை கிடையாது.

ஒன்றரை மணிக்கு வெளியே வந்தபோது பதினோராம் ஆணி காலி. தன் துணியைக் காணாத ஸ்டீபன், கிடைத்ததை மாட்டிக்கொண்டு, தனக்கு வேலை இருந்த மூன்றாம் அறைக்குள் போயிருக்கிறான் என்று அவளுக்கு அப்போதே புரிந்தது. அவனுடைய துணியை ஏழாம் ஆணியில் போட்டாள். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

வாசலில் சடையப்பன் ஆணிகளை எண்ணிக்கொண்டு நின்றார்.

"பதினொன்னு எங்க?"

"பட்டன் பிஞ்சிக்கிச்சி சார். ஊட்ல தைக்கலாம்னு எடுத்துக்கினு போறேன்."

பத்து நிமிடத்தில் ஸ்டீபன் வெளியே வந்துவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். சடையப்பன் விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, பூட்டிவிட்டுப் போனார். உள்ளேயிருந்து திறக்கும் கைப்பிடி பல மாதமாகப் பனி இறுகித் திரும்பாமல் கிடந்தது. மறுநாள் ஞாயிறு. ஸ்டீபனின் மனைவி மெர்சி போன் செய்தபோது, எல்லாரும் போயாச்சு, ஆணியில் துணி தொங்குது என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை கதவைத் திறந்ததும் ஓடிப்போனவர்களில் ஜெனிபரும் ஒருத்தி. ஸ்டீபன் கதவோரமாகச் சுருண்டு கிடந்தான். மூக்குக்குக் கீழே முகம் கறுத்துப்போயிருந்தது. கழன்று விழுந்த துணி அவன் கைக்குப் பக்கத்தில் கிடந்தது. அதன் உட்புறத்தில், மார்க்கர் பேனாவால் அவளே எழுதிய பதினொன்று.

மற்றவர்கள் அவனைத் தூக்க, அவள் அதை எடுத்துக் கோட்டுக்குள் செருகிக்கொண்டாள். அன்று சாயங்காலம் வீட்டு விறகடுப்பில் போட்டு எரித்தாள்.

குடித்துவிட்டு, முகத்துணிகூடப் போடாமல், யாருக்கும் தெரியாமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டான் என்று கம்பெனி எழுதி முடித்தது. ஜெனிபர் வாயைத் திறக்கவில்லை.

இப்போது மூன்றாம் அறையின் கதவு திறந்தது. வெள்ளைப் புகை தரையோடு உருண்டு வந்தது.

"ஒண்ணும் இல்ல, வா. கைப்பிடிகூடப் புதுசா மாத்திக்கீறாங்க," என்றாள் திலகவதி. பதினைந்து வருடமாக அங்கே வேலை செய்கிறவள்.

திலகவதி வாசலில் பிளாஸ்டிக் திரைக்குப் பக்கத்தில் நின்று பெட்டிகளை எண்ணி வண்டியில் ஏற்ற வேண்டும். ஜெனிபரும் ரகுவும் அறையின் கடைசி வரிசையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். ரகு ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து இறக்குவான், ஜெனிபர் வாங்கி வண்டியில் அடுக்குவாள்.

கடைசி வரிசையில் ஒரே ஒரு குழல் விளக்கு எரிந்தது. காற்றாடிகளின் இரைச்சலில் பேச்சு கேட்காது. இறாலும் அம்மோனியாவும் கலந்த பழகிய வாடை. அவள் கையை நீட்டினாள், பெட்டி வந்தது. அடுக்கினாள். மறுபடி நீட்டினாள். மறுபடி வந்தது.

இருபது பெட்டிக்கு மேல் ஆகியிருக்கும். விரல்கள் மரத்துவிட்டன.

"போதும் ரகு. கொஞ்ச நேரம் வெளிய போய்ட்டு வரலாம்."

அடுத்த பெட்டிதான் வந்தது.

அப்போதுதான் அவளுக்கு இன்னொரு வாடை தட்டியது. அந்தக் குளிரில் வரக் கூடாத வாடை. துணி கருகும் வாடை.

காற்றாடிகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த அமைதியில், தூரத்தில் திரையை விலக்கிக்கொண்டு ரகுவின் குரல் கேட்டது.

"ஜெனிக்கா, டீ குடிச்சிட்டு இப்பதான் வரேன். தனியாவா இம்மாம் பெட்டிய எறக்குன?"

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. மடக்க முடியவில்லை.

மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள்.

ஏணியில் யாரும் இல்லை. ஏணிக்குப் பக்கத்தில், தரையில், பெட்டியைப் பிடித்தபடி ஒருவன் நின்றான். அதே கோட்டு, அதே குல்லா. முகத்துணிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. இமை மயிர்களில் பனி தடித்து, மேலிமையும் கீழிமையும் ஓரத்தில் ஒட்டிப்போயிருந்தன. நடுவில் கொஞ்சம்தான் திறந்திருந்தது. அது இமைக்கவில்லை.

பெட்டி கீழே விழுந்தது.

வாசல் பக்கம் கதவு தடதடவென்று நகர்ந்து மூடியது. ரகு ஏதோ கத்தினான், பாதியில் அறுந்தது.

எதிரே நின்றவன் தன் முகத்துக்குக் கையைக் கொண்டுபோனான். வலது பக்கம் முதலில்.

டிக். டிக். டிக்.

பிறகு இடது பக்கம்.

டிக். டிக்.

அவ்வளவுதான். கீழ் மூலை ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது.

துணி கையோடு வந்தது. ஓரமெல்லாம் கருகியிருந்தது. உட்புறத்தை அவளிடம் திருப்பிக் காட்டினான். பதினொன்று. அதற்குப் பின்னால் இருந்த முகத்தை அவள் பார்க்கவில்லை, விளக்கு அணைந்துவிட்டது.

அவள் ஓடினாள். இருட்டில் பெட்டிகள் இடித்தன, முழங்கால் எதிலோ மோதியது. கதவு கைக்கு அகப்பட்டது. புதுக் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினாள். அது லேசாகச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கதவு அசையவில்லை.

"திலகாக்கா."

கதவை உள்ளங்கையால் அறைந்தாள்.

அவள் கன்னத்தில் யாரோ தொட்டார்கள்.

டிக்.

கையால் தட்டிவிட்டாள். கையில் எதுவும் படவில்லை.

டிக். டிக்.

அவசரமே இல்லாத விரல்கள். ஒவ்வொரு பட்டனாகத் தேடிக் கழற்றின. ஆறாவதும் கழன்றதும் அவள் முகத்துணி நழுவி விழுந்தது. பனி நேராக வாயில் அறைந்தது.

"ஸ்டீபண்ணே, தெரியாம பண்ணிட்டேண்ணே. நான்தான் எடுத்தேன். சார் கேட்டாரு, பொய் சொல்லிட்டேன். சொல்லிடறேண்ணே, எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

இருட்டு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

காதோரத்தில், குளிரில் விறைத்த நாக்கு பேசுவதுபோல, ஒரு கிசுகிசுப்பு.

"இது உன்னுது. போட்டுக்கோ."

கருகிய துணி அவள் மூக்கிலும் வாயிலும் வந்து அழுந்தியது. அவள் கத்தினாள். கத்தல் துணிக்குள்ளேயே நின்றது. பின்தலையை ஒரு கை தாங்கிப் பிடித்திருக்க, இன்னொரு கை அழுத்திக்கொண்டே இருந்தது.

கடப்பாரை போட்டுக் கதவை நெம்பி அவளை வெளியே இழுத்தார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை என்று ரகு சத்தியம் செய்தான். ஆனால் அவள் முகத்தில் மூக்கின் நடுவிலிருந்து தாடை வரைக்கும் தோல் வெந்ததுபோலக் கறுத்திருந்தது. பல மணி நேரம் பனிக்கட்டியில் முகம் பதித்தால்தான் இப்படி ஆகும் என்றார் டாக்டர். கறுப்பு சதுரமாக இருந்தது. இடது பக்கத்துக் கீழ் மூலையில் மட்டும் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் ஜெனிபர் மெர்சியின் வீட்டுக்குப் போனாள். முகத்தில் கட்டோடு வாசலில் நின்றவளை மெர்சி உள்ளே வா என்று சொல்லவில்லை. மின்விசிறிக்குக் கீழே மகள் ஷைனி தூங்கிக்கொண்டிருந்தாள். ஜெனிபர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பட்டன் பிய்ந்தது, துணியை மாற்றியது, சொன்ன பொய், அடுப்பில் எரித்தது வரைக்கும்.

மெர்சி அழவில்லை. தூங்கும் மகளை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசினாள்.

"ஷைனி பொறந்ததுலேர்ந்து அவரு குடிக்கறதில்ல. கோயில்ல என் மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க, குடிச்சிட்டா செத்தாருன்னு. அன்னிக்கு நீயும் பின்னால உக்காந்துக்கினு இருந்த."

"ஆமாக்கா."

"கேட்டுக்கினுதான இருந்த?"

மன்னிப்புக் கேட்க ஜெனிபர் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லுவேன்னு நெனச்சிக்காத. போய் எழுதிக் குடு. அவரு ஒரு சொட்டு குடிக்கலன்னு எழுதிக் குடு. அப்பறம் இந்தத் தெருவுக்கே வராத."

அன்று மாலையே ஜெனிபர் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாள். கைப்பிடி பழுதாகக் கிடந்த விஷயமும் அதில் வெளியே வந்தது. சடையப்பனைக் கைது செய்தார்கள். பொய் சொன்னதற்கும் தடயத்தை எரித்ததற்கும் அவள் மேலும் வழக்குப் பதிவானது. வேலை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் எழுந்து, ஸ்டீபன் குடித்திருக்கவில்லை என்று சபைக்கு முன்னால் சொன்னாராம். மெர்சி அதைக் கேட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டாளாம். திலகவதிதான் போனில் சொன்னாள்.

ஜெனிபர் ஊரைவிட்டு வந்து, மணவாள நகரில் அக்கா ஈஸ்தர் வீட்டில் தங்கினாள். பக்கத்துத் தெரு பேக்கரியில் அடுப்படி வேலை. உள்ளே நின்றாலே வேர்த்து ஊற்றும் என்று யாரும் விரும்பாத வேலையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். கன்னத்துக் கறுப்பு உரிந்து, புதுத்தோல் ரோஸ் நிறத்தில் வந்தது. ஆறு மாதம் நன்றாகத்தான் போனது. ராத்திரி தூக்கம்கூட வர ஆரம்பித்தது.

நேற்று பகல் பதினொரு மணி. பன் மாவை உருட்டி, தட்டுகளில் அடுக்கி, கண்ணாடிக் கதவு வைத்த பெரிய மின்அடுப்புக்குள் தள்ளினாள். இருநூறு டிகிரியில் வைத்துவிட்டு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கடை முதலாளி அன்புசெல்வன் கல்லாவில் இருந்து எட்டிப் பார்த்தார்.

"எவ்ளோ நேரம் ஆவும்மா?"

"பதினஞ்சி நிமிசம்ண்ணே."

உள்ளே சிவப்பு விளக்கில் பன்கள் உப்பத் தொடங்கின. அவள் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியின் நடுவில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி தோன்றியது. மாவு ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துணியால் துடைத்தாள். போகவில்லை. கண்ணாடி சுட்டது. புள்ளி உட்பக்கத்தில் இருந்தது.

அது உள்ளங்கை அளவுக்குப் பரந்தது. ஊசி ஊசியாகப் பனி.

பிறகு சுருங்கியது. மறுபடி பரந்தது. மறுபடி சுருங்கியது.

கண்ணாடிக்கு உட்புறம், அவள் முகத்துக்கு நேராக, யாரோ நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.