சிவப்பு மூடி

ஷஹீன் பானு கழற்றிவைத்த சிரிஞ்சு மூடி சிவப்பாக இருந்தது. ஆரஞ்சாக இருந்திருக்க வேண்டும்.

ஜெபராணி பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டாள். ஆம்பூரின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறவள். ஆஸ்பத்திரியில் இருக்கும் இன்சுலின் குப்பிகள் எல்லாம் நாற்பது வீரியம். அவற்றுக்குத்தான் சிவப்பு மூடி சிரிஞ்சு. நோயாளி முத்துமாரியின் குப்பியை மட்டும் அவள் மகன் வேலூரில் வாங்கி வந்திருந்தான். அது நூறு வீரியம்; அதற்கு ஆரஞ்சு மூடி. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் கோடு டாக்டர் எழுதிய பன்னிரண்டு யூனிட்டைத்தான் காட்டும். உடம்புக்குள் முப்பது இறங்கும்.

"அக்கா, செக் பண்ணிடுங்க," என்று ஷஹீன் குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இன்சுலின் என்றால் இன்னொரு நர்ஸும் பார்த்து வாய்விட்டுச் 'சரி' சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊசி. அந்த வார்டில் அதை யாரும் மீறியதில்லை.

மழைக்கு முந்தைய சாயங்கால இருட்டு ஜன்னல் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. தோல் பதனிடும் ஷெட்டுகளின் சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த நெடி, டெட்டால் வாசத்தையும் மீறி, தரையோடு தரையாகக் கட்டில்களுக்கு அடியில் ஊர்ந்து வந்தது. அன்று காலையில்தான் டாக்டர் நத்தானியேல் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்: அடுத்த மாதத்திலிருந்து ஷஹீன்தான் வார்டு இன்சார்ஜ். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகாதவள். மத்தியானம் ஜெபராணி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"என் கண்ணு போட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது," என்றாள் முத்துமாரி ஷஹீனிடம், புடவையை விலக்கி வயிற்றைக் காட்டியபடி. "நேத்து இந்த சிஸ்டர் போட்டாங்களே, யப்பா! எங்க கம்பெனி தையல் மெஷின் தோத்துச்சு."

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். ஷஹீனும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்த அடக்கல்தான் சுட்டது.

மூடியைப் பார். அந்த ஒரு சொல் போதும்.

"சரி," என்றாள் ஜெபராணி.

மனதுக்குள் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தது. மருந்து வேலை செய்ய அரை மணியாவது ஆகும். அதற்குள் டாக்டர் ரவுண்ட்ஸுக்கு வந்துவிடுவார். முத்துமாரிக்கு வியர்க்கும், கை உதறும். அவர் கண்ணெதிரே ஜெபராணி ஓடிப்போய் குளுக்கோஸ் ஏற்றுவாள். பிறகு அந்தச் சிரிஞ்சை எடுத்து, டாக்டர் பார்க்கும்படி, மேஜைமேல் வைப்பாள். நீயும்தானே பார்த்துச் சரி சொன்னாய் என்று கேட்டால், மூடியின் நிறம் இருட்டில் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆக விடமாட்டாள். ஒரு குளுக்கோஸ் ஆம்ப்யூலை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"போட்டுட்டியா? மெய்யாலுமா?" முத்துமாரியின் குரல். "தெரியவே இல்லியே கண்ணு!"

ஜெபராணிக்குத் தொப்புளின் ஓரத்தில் சுருக்கென்றது. கோட்டோடு சேர்த்துச் சொறிந்துகொண்டாள்.

ஷஹீன் வெளிநோயாளிகளைப் பார்க்கக் கீழே போனாள். மழை பிடித்தது. தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் வார்டின் மற்ற சத்தங்கள் ஒவ்வொன்றாக அமுங்கின; முதலில் மின்விசிறியின் கடகடப்பு, பிறகு ஹைவே லாரிகள், கடைசியில் இருமல்கள்கூட. ஜெபராணி எழுந்து முத்துமாரியின் நெற்றியைத் தொட்டாள். காய்ந்திருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி போனாள்.

முத்துமாரி இட்லி தின்றுகொண்டிருந்தாள். விரல்களில் நடுக்கமே இல்லை.

"இன்னா சிஸ்டர், சும்மா சும்மா வந்து தொட்டுப் பாக்குறீங்க? திடீர்னு என்மேல ஜாஸ்தி பாசமா?" என்று நிமிர்ந்தவள் முகம் மாறியது. "ஐயோ, உங்களுக்கு இன்னா இப்படி வேர்க்குது?"

ஜெபராணி கழுத்தைத் தொட்டாள். உள்ளங்கை நனைந்தது. ஐஸ் மாதிரியான வியர்வை. முதுகுத்தண்டில் ஓடை போல இறங்கியது. வயிற்றுக்குள் ஒரு பசி, வாழ்நாளில் அறியாத பசி, குடலைப் பிடித்து முறுக்கியது. முத்துமாரிக்கு இரண்டு முகங்கள் தெரிந்தன. இரண்டும் மென்றுகொண்டிருந்தன.

குனிந்து பார்த்தாள். வெள்ளைக் கோட்டில், தொப்புளின் ஓரத்தில், கடுகளவு ரத்தம்.

பைக்குள் கைவிட்டாள். ஆம்ப்யூல் இல்லை.

ஷஹீன் என்று கூப்பிட்டாள். நாக்கு புரளவில்லை. காற்று மட்டும் வந்தது. முழங்கால் மடிந்தது. காலிக் கட்டில். ரெக்ஸின் மெத்தையின் குளிர். பக்கத்தில் முத்துமாரி கத்துகிறாள். வாய் அசைகிறது. சத்தம் இல்லை. மழை. மழை மட்டும்.

காலடியில் யாரோ நிற்கிறார்கள்.

வெள்ளைக் கோட்டு. நரை தெரியாமல் இழுத்துக் கட்டிய கொண்டை. ஜெபராணியின் முகம். அவள் கையில் ஆம்ப்யூல். அதன் முனை ஏற்கெனவே முறிக்கப்பட்டிருக்கிறது. இன்னொரு கையில் ஊசி. எல்லாம் தயார்.

ஜெபராணி விரலை நீட்டினாள். நீட்டியதாக நினைத்தாள்.

காலடியில் நின்றவள் கட்டிலைப் பார்க்கவில்லை. வார்டின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், டாக்டர் வரட்டும் என்று, பொறுமையாக, உதட்டோரம் லேசாகச் சிரித்தபடி. வாசலுக்கு அப்பால் நடைக்கூடம் நீண்டு கிடந்தது. அதில் ஒருவரும் வரவில்லை.