இரத்தம் கேட்காத காட்டேரி

நிருஷாவுக்குப் பதினொரு வயது. இரத்தக்காட்டேரி விளையாட்டுகள் என்றால் அவளுக்கு உயிர். கணினியில் தானே காட்டேரியாக மாறிக் கோட்டைகளைப் பிடிப்பாள். எந்த விளையாட்டு நல்லது, எது கூடாது என்று அவள் சொல்லிவிட்டால் வகுப்பில் மறுபேச்சு இல்லை.

புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கான பியர்பொன்ட்ஸ் நகரச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அந்த மாதம் ஆளுக்கொரு கதை விளையாட்டு எழுதினார்கள். படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். கதை எந்த வழியில் போகவேண்டும் என்று ஒவ்வொரு பக்கத்திலும் விளையாடுபவரே தெரிவுசெய்யலாம். விளையாடியவர்கள் தங்கள் கருத்தை எழுதிப் பலகையில் ஒட்டவேண்டும்.

றோசலின் மன்னாரிலிருந்து அப்பாவுடன் வந்து மூன்று மாதம்தான். அதிகம் பேசமாட்டாள். அவளுடைய கதையில் ஒரு காட்டேரிச் சிறுமி வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். யாராவது "உள்ளே வா" என்று அழைத்தால்தான் அவளால் நுழைய முடியும். முதல் வீடு திறக்கவில்லை. இரண்டாவதும் திறக்கவில்லை. விளையாடிக்கொண்டிருந்த நிருஷா மூன்றாவது கதவோடு எழும்பிவிட்டாள்.

'இரத்தமும் இல்லை, சண்டையும் இல்லை. நித்திரைதான் வருகுது' என்று எழுதி ஒட்டினாள்.

வகுப்பிலிருந்த டினோஜன் அதைச் சத்தமாக வாசித்தான். வகுப்பே சிரித்தது. றோசலின் மட்டும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நவம்பர் மழை. காலை பதினொரு மணிக்கே வெளியே இருண்டு கிடந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை.

"றோசலின் தன்ரை கதையை அழிச்சுவிடச் சொல்லுறாள். வகுப்பு முடிய அழிக்கவேணும்," என்றார் வகுப்பெடுக்கும் பிரியந்தி ரீச்சர்.

இடைவேளையில் நிருஷா கணினியில் றோசலினின் கதையைத் திறந்து, இந்தமுறை எல்லாக் கதவுகளையும் தட்டினாள். ஏழாவதும் திறக்கவில்லை. பிறகு ஒரு புதுப் பக்கம் வந்தது.

'எனக்கு இரத்தம் வேண்டாம். எந்த வீட்டிலாவது அம்மா இருக்கிறாவா என்று பார்க்கிறேன். அவவுக்கு இன்னும் விசா கிடைக்கவில்லை.'

கீழே ஒரேயொரு தெரிவு: 'காத்திரு.'

அழுத்தினாள். மறுபடியும் அதே பக்கம். மறுபடியும் 'காத்திரு.'

நிருஷா ரீச்சரிடம் ஓடினாள். "ரீச்சர், அழிக்காதேங்கோ! ஒருக்கா ஃபோன் தாங்கோ, நான் அவளோடை கதைக்கவேணும்."

ரீச்சர் இலக்கத்தை அழுத்திக் கொடுத்தார்.

"றோசலின், நான் நிருஷா. அண்டைக்கு மூண்டு கதவோடை விட்டிட்டன். முழுக்க விளையாடாமல் அப்பிடி எழுதினது பிழை."

நிருஷா ஃபோனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"இண்டைக்கு முழுக்க விளையாடினனான்."

"முழுக்கவோ?"

"ஓம். அழுகை வந்திட்டுது. அம்மா வந்திட்டா எண்டு முடிப்பமே? வேணுமெண்டால் நான் எழுதித் தாறன்."

"வேண்டாம்." றோசலினின் குரல் உறுதியாக இருந்தது. "அம்மா வந்தாப்பிறகு நான் எழுதுவன்."

மூன்று மாதம் ஒரே வகுப்பில் இருந்தும், உன் அம்மா எங்கே என்று நிருஷா ஒருநாளும் கேட்டதில்லை.

"உன்ரை அம்மாவின்ரை பேர் என்ன?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"றெஜினா. அவவுக்குப் பேய்க்கதை எண்டால் பயம். தலையணையாலை முகத்தை மூடிக்கொண்டு, 'பிறகு? பிறகு?' எண்டு கேப்பா."

நிருஷா சிரித்துவிட்டாள். அந்தப் பக்கமும் மெல்லிய சிரிப்பு ஒன்று கேட்டது.

"கதையை அழிக்க வேண்டாமெண்டு ரீச்சரிட்டைச் சொல்லிவிடு," என்றாள் றோசலின்.

"சொல்லுறன். பிறகு? அம்மா வேறை என்ன செய்வா?"

இடைவேளை முடிந்து பத்து நிமிடமாகியும் நிருஷா ஃபோனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பிரியந்தி ரீச்சரும் கேட்கவில்லை.