வென்-சின்னின் எண்பத்தெட்டாவது நாள்

வென்-சின் கடிதத்தை நீட்டியபோது மேவிஸ் குரோதர் வாடிக்கையாளர்கள் விட்டுப்போன ஒற்றைக் காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலப் போலீஸில் சார்ஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கிங்கராவில் சலவைக்கடை நடத்துகிறார். ஊரில் எது காணாமல் போனாலும் ஜனங்கள் முதலில் இந்தக் கடைக்குத்தான் வருவார்கள். போலீஸ் ஸ்டேஷன் எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதுவும் ஒரு காரணம்.

"படிங்க. நான் பொய் சொன்னேனாம்," என்றாள் அந்தத் தைவான் பெண்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த டார்சி நோக்ஸ் துள்ளி எழுந்தான். கமலா ஆரஞ்சு பறிக்கும் காலத்தில் விடுதிப் பிள்ளைகளை வேனில் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் விடுவது அவன் வேலை. பறிப்பு முடிந்துவிட்டால் நாள் முழுக்க இந்தப் பெஞ்சுதான். மேவிஸுடைய துப்பறியும் வேலையில் பாதி தன்னுடையது என்று அவனுக்கு ஒரு நினைப்பு. ஜூன் மாதம் பிடுங்கிய கடைவாய்ப் பல்லின் ஓட்டையில் நாக்கை விட்டுத் துழாவியபடி மேவிஸின் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான்.

இரண்டாம் வருஷ விசா இல்லை. எண்பத்தெட்டு நாள் வேலை செய்ததாகப் பண்ணை கையெழுத்திட்ட படிவத்தில் ஒரு நாள் பொய். அன்று வேலையே நடக்கவில்லை என்று பண்ணையே தொலைபேசியில் சொல்லிவிட்டது. இருபத்தெட்டு நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும். பொய்யான அந்த நாள் எது என்பதை மட்டும் கடிதம் சொல்லவில்லை.

சம்பாதித்துக்கொண்டே ஊர் சுற்ற ஒரு வருஷ விசாவில் வருகிற பிள்ளைகள், இரண்டாவது வருஷமும் இருக்க ஆசைப்பட்டால் இதுபோன்ற தோட்டத்தில் எண்பத்தெட்டு நாள் முதுகு ஒடிய வேண்டும். எண்பத்தேழு உதவாது.

"இன்னொரு தடவ போட்டுப் பாரேன்!" என்றான் டார்சி.

"முப்பத்தொரு வயசு பொறக்கறதுக்குள்ள போடணும். எனக்கு ஆகஸ்ட் மூணாம் தேதியே பொறந்துடுச்சு." அவள் அழவில்லை. அழுதிருந்தாலாவது டார்சிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "ஒம்பது வருஷம் தைச்சுங்ல ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல ஃபோன் எடுத்துட்டு இருந்தேன். இங்க ரொட்டிக்கடையில அக்டோபர்லேந்து அடுப்பு முழுக்க உன் பொறுப்புன்னு சொல்லியிருக்காங்க. என் வாழ்க்கையில யாரும் எனக்குன்னு ஒண்ணு குடுத்ததில்ல. நான் ஒவ்வொரு நாளும் காலண்டர்ல குறிச்சு வெச்சேன் மிஸஸ் குரோதர். எண்பத்தெட்டு இருந்துது."

"படிவத்த நீ பாத்தியா?" என்று கேட்டார் மேவிஸ்.

"இல்ல. டார்சிதான் பண்ணைக்குக் கொண்டுபோய் வாங்கிட்டு வந்தார்."

"நானேதான்," என்றான் டார்சி பெருமையாக. "ஒண்ணும் விட்டுப்போகாம சரிபார்த்து, ஜூலை ரெண்டாம் தேதி என் கையால தபால்ல போட்டேன். எனக்கு ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சு சார்ஜென்ட். விடுதி கிரேக்! வேல செய்யாத நாளுக்குக் கையெழுத்து வாங்கித் தர்ற திருட்டுப் பய. வாங்க, ரெண்டு தட்டு தட்டுனா கக்கிடுவான்."

மேவிஸ் காலுறைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தார்.

விடுதிச் சமையலறையில் விடுதிக்காரன் கிரேக் டன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். டார்சி போட்ட சத்தத்துக்கு அவன் கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஆமாம்ப்பா, நான் யோக்கியன்னு எங்கயும் போர்டு மாட்டல. ஆனா இந்தப் பொண்ணு எங்கிட்ட ஒரு நாள் கேட்டதில்ல. பனி விழுந்து பறிப்பு நின்னுபோன அன்னிக்கு எல்லாரும் ஒம்பது மணிக்கே திரும்பி வந்து, இதே மேசையில சீட்டாடி என் உயிர வாங்கினாங்களே, அப்பக்கூட மத்தவங்க வந்து காதக் கடிச்சாங்க, 'இந்த நாளையும் எழுதித் தர முடியுமா'ன்னு. இவ கேக்கல."

"புளுகாத! நான் ஓட்டுற வேன். எனக்குத் தெரியாம ஒம்பது மணிக்கு எவன் திரும்பி வந்தான்?"

"பண்ணை லாரியில வந்தாங்கய்யா. கண்ணு கரிக்குது, ரெண்டு பேரும் வெளிய போங்க."

டார்சி வேனுக்கு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தான். "பாத்தீங்களா, எப்படிக் கதை விடுறான்!" மேவிஸ் சிரிக்கவில்லை. சன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஸபாட்டினி பண்ணைக்குப் போ," என்றார்.

பண்ணை வாசலில் அவனை வண்டியிலேயே இருக்கச் சொன்னார். "உன்னப் பாத்தா கார்லாவுக்குப் பேச்சு வளரும்டா." அது உண்மைதான். கார்லா ஸபாட்டினி, பண்ணைக்காரி, அவனை நிறுத்தி வைத்து வேனின் புகையைப் பற்றி அரை மணி நேரம் பேசக்கூடியவள். டார்சி வண்டியில் உட்கார்ந்து, கிரேக்கை மாட்டிவைக்க ஏழு கேள்விகள் தயார் செய்தான். எல்லாமே நல்ல கேள்விகள் என்று அவனுக்குத் தோன்றியது.

திரும்பி வந்த மேவிஸ் கதவைச் சாத்தாமலே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் எதிரே இருந்த மரங்களைப் பார்த்தார். பழமெல்லாம் போய் வெறும் இலையாக நின்றன.

"அந்த நாள் ஜூன் பதினாறு, சனிக்கிழமை," என்றார். "காலைல பனி. மரம் பூரா ஈரம். ஈரத்துல பழத்தத் தொட்டா மூணாம் நாள் தோல்ல கறை வந்துடும், எவனும் வாங்கமாட்டான். கார்லா ஒம்பது மணி வரைக்கும் பாத்துட்டு, பசங்கள லாரியில ஏத்தித் திருப்பி அனுப்பிட்டா. கிரேக் கதை விடல."

"அப்போ அந்தத் தேதிய கார்லாவே தப்பா எழுதிட்டாளா?"

"கார்லா எழுதினது எண்பத்தேழு தேதி. வென்-சின்னுக்கு ஒரு நாள் கண்ணுல தூசி விழுந்து மத்தியானமே திரும்பினா பாரு, அத கார்லா முழு நாளா எடுத்துக்கல. வென்-சின் எடுத்துக்கிட்டா. அதனால அவ காலண்டர்ல எண்பத்தெட்டு, கார்லா நோட்டுல எண்பத்தேழு. ரெண்டு பேருமே பொய் சொல்லல. ஆனா விசா ஆபீஸ்ல இருக்கிற படிவத்துல எண்பத்தெட்டு தேதி இருக்கு. கூட இருக்கிற தேதி ஜூன் பதினாறு. அத தான் எழுதலன்னு கார்லா சத்தியம் பண்றா."

"கிரேக்!"

"கேளுடா முதல்ல. திருட்டுத்தனமா ஒரு நாள் சேக்கறவன் எந்த நாள எழுதுவான்? பறிப்பு நடந்த நாளா பாத்து எழுதுவான். ஜூன் பதினாறு நடக்கலன்னு கார்லாவுக்குத் தெரியும், அவதான் நிறுத்தினவ. வென்-சின்னுக்குத் தெரியும், லாரியில வந்தவ. கிரேக்குக்குத் தெரியும், அவன் மேசையிலதான் சீட்டாட்டம். இவங்கள்ல ஒருத்தர்கூட மறந்தும் அந்தத் தேதிய எழுதமாட்டாங்க. எழுதினவன் அது பொய்னே நினைக்கல. காலைல பசங்க பண்ணைக்குப் போனதப் பாத்திருக்கான், திரும்பி வந்ததப் பாக்கல." மேவிஸ் இப்போதுதான் அவன் பக்கம் திரும்பினார். "உன் பல்ல எந்தக் கிழமைடா பிடுங்கினாங்க?"

டார்சி வேனின் முன்பெட்டியைத் திறந்து, தினமும் யார் யார் ஏறினார்கள் என்று குறிக்கும் நோட்டை எடுத்தான். ஜூன் பதினாறு. ஒன்பது பெயர். வென்-சின் பெயருக்கு எதிரே அழுத்தமாக ஒரு டிக். காலை ஆறு மணிக்கு அவர்களை இறக்கிவிட்டு, வீங்கிய கன்னத்தோடு இரண்டு மணி நேரம் ஓட்டிப் பல் டாக்டரிடம் போனது, சாயங்காலம் வந்து மாத்திரை போட்டுப் படுத்தது எல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்தது.

"கார்லா விட்டுட்டான்னு நெனச்சேன் சார்ஜென்ட்," என்றான் கடைசியில். "படிவத்த எண்ணிப் பாத்தேன், ஒண்ணு குறைஞ்சுது. என் நோட்டோட ஒத்துப் பாத்தேன், கண்ணுல தூசி விழுந்த அந்த அரை நாளத் தவிர இந்தத் தேதிதான் இல்ல. கார்லா மறந்துட்டா, திரும்பப் போனா புகையப் பத்திப் பேசுவான்னு நானே வரிசைக் கடைசியில எழுதினேன். என் கண்ணால பாத்து ஏத்திவிட்டேனே! பொய்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்கமாட்ட."

"வென்-சின்னுக்கு ஒரு வார்த்த ஃபோன் பண்ணிக் கேட்டிருந்தா..." அவன் நிறுத்திவிட்டான். அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று இருவருக்குமே தெரிந்துவிட்டது. மேவிஸ்தான் கேட்டார்.

"ஜூலை ரெண்டுக்கு அப்புறம் இங்க எத்தன நாள் பறிப்பு நடந்துது?"

"பதினஞ்சு," என்றான் டார்சி. தினமும் வேன் ஓட்டியவனுக்கு எண்ணிக்கை தெரியாதா?

மேவிஸ் அவன் தோளில் கை வைத்தார். போலீஸ் வேலையில் அவர் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறார். பிடித்த பிறகு இப்படி வருத்தப்பட்டதில்லை. கிரேக்கின் சமையலறையிலேயே பாதி புரிந்துவிட்டது. தன் கணக்கு தப்பாக இருக்க வேண்டுமே என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டுதான் இங்கே வந்திருந்தார். "நான் வேணா சொல்லட்டுமா?" என்று கேட்டார். டார்சி வேண்டாம் என்று தலையாட்டினான்.

ரொட்டிக்கடையில் மத்தியான வியாபாரம் ஓய்ந்திருந்தது. வென்-சின் பின்கட்டில் தட்டுகளில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை மாவு. டார்சி வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் அதே தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"தபால்ல போட்டுட்டு நீங்க எனக்கு ஃபோன் பண்ணீங்க," என்றாள் பிறகு. "'எண்பத்தெட்டு, எல்லாம் சரியா இருக்கு, போய்க் கொண்டாடு'ன்னு சொன்னீங்க. நான் அன்னிக்கே பறிக்கிற பைய கார்லாகிட்ட திருப்பிக் குடுத்துட்டேன். 'இன்னும் ரெண்டு வாரம் வேல இருக்கே, இரேன்'னு அவங்க கேட்டாங்க. 'எதுக்கு, எனக்குத்தான் முடிஞ்சுபோச்சே'ன்னு சிரிச்சேன்."

"வென்-சின், நான்..."

"ஒரே ஒரு நாள் டார்சி. சொல்லியிருந்தா சந்தோஷமா பறிச்சிருப்பேன்."

திட்டுவாள் என்று அவன் எதிர்பார்த்து வந்திருந்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் காகிதமும் பேனாவும் எடுத்து வந்தாள். மேவிஸ் சொல்லச் சொல்ல, மாவுப் பலகையின் ஓரத்திலேயே டார்சி வாக்குமூலம் எழுதினான். 'பொய்யாகச் சேர்த்தேன்' என்று அவன் எழுதத் தொடங்கியபோது வென்-சின் தடுத்தாள். "தெரியாம சேத்தேன்னு எழுதுங்க. அதுதானே நிஜம்."

"இதக் குடுத்தா விசா குடுத்துடுவாங்கல்ல?" என்று டார்சி மேவிஸைக் கேட்டான். சின்னப் பிள்ளை கேட்பதுபோல இருந்தது.

"மாட்டாங்கடா. பொய் சொன்னவன்னு இவ பேர்ல இருக்கிறது போகும். எண்பத்தேழு எண்பத்தேழுதான்."

அவன் கையெழுத்துப் போட்டான். வென்-சின் காகிதத்தை இரண்டு தடவை படித்து, மாவு படாமல் அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள்.

"பிரிஸ்பேன் ஏர்போர்ட்டுக்குப் போகணும்," என்றாள். "அந்தப் பக்கம் போற வண்டி உங்களோடது ஒண்ணுதான். கூட்டிட்டுப் போறீங்களா?"

"சரி," என்றான் டார்சி. ஐந்து மணி நேரப் பயணம். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் என்ன பேசுவான்?