யாரோ ஒருவரின் ஆமென்

“உங்களுக்குக் கவலையே வராதா?” என்று கேட்டாள் ஹெப்சிபா. பெண் பார்க்க வந்தவர்கள் கீழே கூடத்தில் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவரை மட்டும் பேசிவிட்டு வரச்சொல்லி மொட்டை மாடிக்கு அனுப்பியிருந்தார்கள்.

“வரும். வந்தா உள்ளேயே வச்சுக்கிடுவேன்,” என்றான் ஆசீர். “யாராவது என்ன ஏதுன்னு கேட்டா இன்னும் இறுகிப்போயிரும். அது என் கோளாறு. முன்னாலயே சொல்லிருதேன்.”

“அப்போ நான் கேக்க மாட்டேன். உங்களுக்கா எப்போ தோணுதோ அப்போ சொல்லுங்க.”

“ரொம்ப நாள் ஆயிட்டுன்னா?”

“நான் கோயில் பாட்டுக் குழுவுல ஆல்டோ, ரெண்டாங் குரல் பாடுதவ. எப்போ வாயத் தெறக்கணும், எப்போ காத்துக்கிட்டு நிக்கணும்னு எங்களுக்கு நல்லாத் தெரியும்.”

அவன் சிரித்துவிட்டான். சிரித்த முகத்தோடு கீழே இறங்கிப் போய்ச் சம்மதம் சொன்னான்.

தூத்துக்குடியில் நடந்த அந்தப் பேச்சு, பல வருடங்கள் கழித்து, நிலவின் தென்முனையில் வேலைக்குப் போகும் வரிசையில் நின்றபோது அவனுக்கு நினைவு வந்தது. மணிக்கட்டில் கட்டியிருந்த பதற்றமானி மஞ்சளாக ஒளிர்ந்தது. அது பச்சையாக மாறும்வரை வெளிக்கதவு அவனுக்குத் திறக்காது.

அங்கிருந்த எபெனேசர் குடியிருப்பில் இது தினமும் நடப்பதுதான். கவலைப்படுகிறவன் வேகமாக மூச்சு விடுகிறான். காற்றையே பாறையிலிருந்தும் பனியிலிருந்தும் பிரித்தெடுத்து அளந்து கொடுக்கிற இடத்தில், ஒருவனுடைய கவலை ஊருக்கே செலவு. ஆகவே, பனிச்சுரங்கத்தை நடத்திய நிறுவனம் மனப்பாரத்தோடு யாரும் வெளியே போகக்கூடாதென்று விதித்தது. முதலில் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். கவலையோடு கவனமும் போய்விட்டது. அந்தச் சமயத்தில்தான் சபையின் போதகரம்மா ரூபி மனோகரம் சுமைதாங்கி யோசனையைச் சொன்னார்.

தலைச்சுமையோடு தனியாக நடந்தவர்கள் பிறர் உதவியில்லாமல் சுமையை இறக்கி வைப்பதற்காக அந்தக் காலத்தில் பாதையோரம் கல் நட்டிருப்பார்கள். அதன் பெயரைத்தான் இதற்கும் வைத்தார்கள். வெளிக்கதவுக்குப் பக்கத்தில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கூண்டு. உள்ளே போய் மனதில் இருப்பதைச் சொல்லலாம். அது பெயரை நீக்கி, ஆணா பெண்ணா என்று தெரியாதபடி குரலை மாற்றி, குடியிருப்பில் உள்ள யாரோ ஒருவரின் காதுக்குள் பதித்திருக்கும் செவித்துணைக்கு அனுப்பும். கேட்டவர் அந்த முகம் தெரியாதவருக்காக ஜெபித்து, ஆமென் என்று சொல்ல வேண்டும். அந்த ஆமென் திரும்பி வந்து சேரும்போது கூண்டில் ஒரு சிறு விளக்கு எரியும். யாரோ நமக்காக முழங்காலில் நிற்கிறார்கள் என்று தெரிந்ததும் மூச்சு தானாகவே நிதானப்படும்; கதவு திறக்கும்.

போதகரம்மா இரண்டு நிபந்தனைகளில் பிடிவாதமாக இருந்தார். இயந்திரம் ஜெபிக்கக் கூடாது. அது தபால்காரர் வேலையை மட்டும்தான் பார்க்க வேண்டும். ஒருவர் பாரத்தை ஏற்றவர், அது இறங்கும்வரை அதே பாரத்தைச் சுமக்க வேண்டும். நாளுக்கொரு ஆளாக மாற்றக் கூடாது.

கொஞ்ச காலம் அப்படியே நடந்தது. பிறகு அவரவருக்கு வேலை அதிகமாயிற்று. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது, வரிசையில் நிற்கும்போது, கண் அயரும்போதெல்லாம் பிறருடைய பாரம் காதுக்குள் வந்து மணியடித்தது. செவித்துணைக்கோ, சொந்தக்காரரின் குரலைப் போலவே பேசத் தெரியும். அதை யார் முதலில் பழக்கினார்கள் என்று தெரியவில்லை. பாரம் வந்ததும் அதுவே வாங்கிவைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, உருக்கமான குரலில் ஆமென் சொல்லிவிடும். பையன்கள் அதற்குத் தானாமென் என்று பெயர் வைத்தார்கள். பூமியில் ஒரு காலத்தில், கைபேசியில் அடுத்தவர் துயரச் செய்தியின் கீழே கைகூப்பும் படமொன்றைக் கட்டைவிரலால் தட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போனார்களே, அதன் பேரப்பிள்ளைதான் இது.

ஆசீரும் அதைப் போட்டிருந்தான். தான் ஒருவன் மட்டும்தான் இப்படி என்ற வெட்கம் அவனுக்கு உண்டு. அதே வெட்கம் ஏறக்குறைய எல்லோருக்கும் இருந்தது. விளக்குகள் எரிந்தன; கதவுகள் திறந்தன; காற்றுச் செலவு குறைந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆசீரின் வேலை, வெளிக்கதவைத் தாண்டியதும் உள்ள அறையில், சுரங்கத்துக்குப் போகிறவர்களின் கவச உடையில் கழுத்து வளையத்தைப் பூட்டுவது. வளையம் சரியாக விழுந்ததா என்பதைக் கண் சொல்லாது, விரல்தான் சொல்லும். உள்ளே ஒரு மெல்லிய துடிப்பு விரல் நுனியில் தட்டும். சில மாதங்களாக அவனுடைய இடது கை அதை உணரவில்லை. வலது கையால் மறுபடியும் தடவிப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தான். அவன் அப்பாவுக்கும் இப்படித்தான் விரலில் தொடங்கியது. கடைசியில் அவருக்குச் சோறு ஊட்டி, உடம்பு துடைத்து, அம்மா தன் பாதி வாழ்க்கையைக் கட்டிலோரத்திலேயே கழித்தாள். ஹெப்சிபாவை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க அவனால் முடியவில்லை.

வீட்டில் மறைப்பது சுலபமாக இருந்தது. நிலவில் எந்தப் பொருளும் மெதுவாகத்தான் விழும். இடது கையிலிருந்து நழுவும் தம்ளரை, தரையைத் தொடுமுன் வலது கையால் பிடித்துவிடலாம். ஹெப்சிபா பார்த்தாளா இல்லையா என்று தெரியாது. அவள் கேட்பதில்லை. மொட்டை மாடியில் கொடுத்த வாக்கை அவள் இத்தனை காலமும் மீறவேயில்லை. சில நாட்களில் அவன் அந்த வாக்கை வெறுத்தான். கேட்டுவிட மாட்டாளா என்றிருக்கும்.

சுமைதாங்கியிலும் அவன் உடைத்துச் சொன்னதில்லை. ஊரில் ஜெபக் கூட்டங்களில் சிலர் எழுந்து, வெளியே சொல்ல முடியாத ஒரு காரியம், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். அவனும் அதே வழக்கப்படி, ஒரு காரியம் இருக்கிறது, வீட்டில் சொல்ல முடியவில்லை, சொல்லப் பெலன் வேண்டும் என்று தினமும் அந்தச் சில வார்த்தைகளையே சொன்னான். விளக்கு எரியும். அது தானாமென்னாகத்தான் இருக்கும் என்று தெரிந்தும், எரிந்தவுடன் மனது கொஞ்சம் லேசாகும்.

அன்று காலை சூரியப் புயல் வரும் என்று அறிவித்திருந்தார்கள். மின்சாரத்தைச் சேமிப்பதற்காகச் செவித்துணைகளின் சிந்திக்கும் பகுதியை நிறுத்திவிட்டார்கள். குரலைக் கடத்தும் வேலையை மட்டும் விட்டுவைத்தார்கள். அதனால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

வரிசையில் முதலில் போனவர் கூண்டுக்குள் வெகுநேரம் நின்றார். விளக்கு எரியவில்லை. அடுத்தவருக்கும் எரியவில்லை. வெளியே வந்தவர்களின் மணிக்கட்டுகள் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறின. இயந்திரம் பழுதா என்று ஒருவர் கேட்டார். பழுதில்லை என்று அதன் முகப்பு காட்டியது. இத்தனை நாள் எரிந்ததெல்லாம் தானாமென்னால்தான் என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஆசீர் தன் முறை வந்தபோது உள்ளே போனான். எரியாது என்று தெரிந்தும் பழக்கத்தில் அதே வார்த்தைகளைச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் விளக்கு எரிந்தது.

கதவு அவனுக்காக மட்டும் திறந்துகொண்டு நின்றது. வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற துளைப்பாளர் ஞானதுரை, “உனக்கு மட்டும் எந்தப் புண்ணியவான்லே முட்டி போட்டு நிக்கான்?” என்றார்.

ஆசீர் கதவைத் தாண்டவில்லை. அவன் காதுக்குள் மணியடித்துக்கொண்டே இருந்தது. தன் பங்குக்கு வந்த பாரத்தை முதல்முறையாகக் கேட்டான். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு குரல், ஊரில் இருக்கும் தாய்க்குப் பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துவிட்டது என்றது. இன்றைக்குத் தொலைபேசியில் கூப்பிடும்போது ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்றது. எத்தனை மாதமாக இது வந்துகொண்டிருந்தது? எத்தனை முறை தன் குரலிலேயே ஆமென் போயிருக்கும்? கவச உடையோடு அவன் அங்கேயே முழங்காலில் விழுந்தான். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. ஆண்டவரே, அந்தத் தாய்க்கு அந்தப் பெயரை ஞாபகப்படுத்தும் என்று திக்கித் திணறிச் சொன்னான். ஆமென் என்று சொன்னபோது அது அவனுடைய சொந்தக் குரலாக இருந்தது.

கூண்டுக்குள் யாருக்கோ விளக்கு எரிந்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனைச் சுற்றி ஒவ்வொருவராகக் காதைத் தொட்டுக்கொண்டு தலை குனிந்தார்கள். சிலர் மண்டியிட்டார்கள். ஞானதுரை சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். அன்று சுரங்கத்தில் வேலை தாமதமாகத்தான் தொடங்கியது. ஆனால் எல்லோருக்கும் கதவு திறந்தது.

கடைசி ஆளுக்கும் வளையம் பூட்டி அனுப்பிய பிறகு ஆசீர் திரும்பி வந்து மறுபடியும் கூண்டுக்குள் போனான். தன் பாரத்தை நிஜமாகவே சுமந்துகொண்டிருந்த அந்த ஒருவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. நன்றி என்றான். அது போதாதென்று பட்டது. சாப்பிட்டீங்களா என்று கேட்டான். கேட்டுவிட்டு அவனுக்கே கூச்சமாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து விளக்கு எரிந்தது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஹெப்சிபா அப்போதுதான் கீரைக் கூடத்திலிருந்து திரும்பியிருந்தாள். விளக்கொளியில் வளர்க்கும் முருங்கைக்கு அவள்தான் பொறுப்பு. கஞ்சியும் கீரைப் பொரியலும் எடுத்து வைத்தாள். குடியிருப்பு முழுவதும் காலையில் நடந்ததைப் பற்றித்தான் பேச்சு. போதகரம்மா யாரையும் கடிந்துகொள்ளவில்லை, அவரும் தலை குனிந்துதான் நின்றார் என்று சொல்லிக்கொண்டே எதிரில் உட்கார்ந்தாள். ஆசீர் இடது கையை மடியில் வைத்திருந்தான்.

“ஒண்ணு சொல்லணும் அத்தான். சொல்லக் கூடாதுதான். இன்னைக்கு ஒருநாள் சொல்லிக்கிடுதேன்,” என்றாள்.

அவளுக்கு ஒரு பாரம் வருகிறதாம். காலையில் அவன் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் வரும். தானாமென் போட அவளுக்கு என்னவோ மனம் வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அடுக்களையிலேயே முழங்காலில் நிற்பாள். என்ன காரியம் என்று அந்த ஆள் சொல்வதேயில்லை. வீட்டில் சொல்ல முடியவில்லை என்று மட்டும் தினமும் ஒரே மாதிரி. ஆரம்பத்தில் அந்த வீட்டுக்காரர்கள் மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்ததாம்.

“கூடவே இருக்கிறவகிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியலேன்னா, அவ என்ன ஜென்மமா இருப்பா சொல்லுங்க. பிறகு அவளுக்கும் சேத்தே ஜெபம் பண்ண ஆரம்பிச்சிட்டேன். ஆண்டவரே, அவ காதைத் தெறந்து விடும்னு.”

ஆசீரின் கை கஞ்சிக் கிண்ணத்தின் மேல் அப்படியே நின்றது.

“இன்னைக்கு அந்த ஆளு கடைசியில என்ன கேட்டுச்சு தெரியுமா? சாப்பிட்டீங்களான்னு. நான் என்னத்தச் சொல்ல? அதுல ஆமென் மட்டும்தான போகும். ஆமென்னுட்டேன்.” அவள் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “முகம் தெரியாத ஒரு ஜீவன் கேக்கு. இந்த வீட்டுல என்னய அப்படிக் கேட்டு எம்புட்டு நாளாச்சு.”

குடியிருப்பில் நூற்றுக்கணக்கான பேர். அத்தனை பேரில் அவன் பாரத்தை இயந்திரம் கொண்டுபோய்ச் சேர்த்தது, ஒரே கூரையின் கீழ், ஒரே மேசையின் எதிர்ப்பக்கத்துக்கு. இங்கிருந்து அங்கே போக அதற்கு ஒரு கூண்டும், ஒரு கம்பியில்லா அலையும், மாற்றப்பட்ட ஒரு குரலும் தேவைப்பட்டிருந்தன. மனைவியிடம் கேட்க மறந்ததை அவன் அந்நியர் ஒருவரிடம் அக்கறையாகக் கேட்டிருந்தான். அதுவும் அவளுக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

அவன் மடியிலிருந்த இடது கையை எடுத்துத் தண்ணீர்த் தம்ளரைப் பிடித்தான். தூக்கினான். விரல்களுக்குள் அது நழுவுவது அவனுக்குத் தெரியவில்லை, கண்தான் சொன்னது. வலது கை பழக்கத்தில் எழுந்தது. அதை அடக்கி மேசைமேல் வைத்தான். தம்ளர் மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. தரையைத் தொட்டதும் தண்ணீர் பெரிய பெரிய துளிகளாக எழும்பி, அவசரமில்லாமல் திரும்ப விழுந்தது.

ஹெப்சிபா தம்ளரைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள்.

“நீ சாப்பிட்டியா, ஹெப்சி?” என்றான் ஆசீர்.

அவள் முகம் மாறியது. ஒரு வாய்கூட எடுக்காத தன் கிண்ணத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். உதடு அசைந்தது. ஆனால் அவள் கேட்கவில்லை. இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, தன் பகுதி வரும்வரை நிற்கிற பாடகியைப் போலக் காத்திருந்தாள்.

ஆசீர் அந்த மரத்துப்போன கையை மேசையின் குறுக்கே நகர்த்தி, அவள் கைகளுக்குள் வைத்தான்.

“பயமா இருக்கு,” என்றான். “இந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு, என் பேரைச் சொல்லி, எனக்குக் கேக்குற மாதிரி ஒரு ஜெபம் பண்ணேன்.”