இறக்கத்தில் எந்தப் பிடி?

விடிந்தும் விடியாத நேரத்தில் செல்வநாயகம் சேறும் இரத்தமுமாக வாசலில் வந்து விழுந்தான்.

“அக்கா! அத்தானை மிசின் அமத்திப்போட்டுது!”

நேசமலர் ஓடினாள். குளக்கட்டிலிருந்து இறங்கும் பாதையின் இடப்பக்க வாய்க்காலுக்குள் லான்ட்மாஸ்டர் குப்புறக் கிடந்தது. மில்லுக்குப் புறப்பட்ட நெல்மூட்டைகள் சிதறிக் கிடந்தன. இரண்டு சில்லு உழவு மிசின்தான், ஆனால் அதன் அடியில் கிடந்த அவள் புருசன் முத்துலிங்கத்தை எடுக்க ஊரே கூட வேண்டியிருந்தது. அவன் உயிர் எப்போதோ போய்விட்டது.

காலை ஏழு மணி. சார்ஜன்ட் வீரகத்தி வந்தார். கிளிநொச்சிப் பக்கம் சொந்தமாக வயல் செய்கிறவர். தொப்பியைக் கழற்றினால் கமக்காரர்தான்.

“மிசினை ஆர் ஓடினது?”

“அத்தான்.” செல்வநாயகம் நிலத்தைப் பார்த்துச் சொன்னான்.

“நீர் எங்கை இருந்தனீர்?”

“பின்னாலை இழுக்கிற பெட்டியிலை, மூட்டைக்கு மேலை.”

“என்ன நடந்தது?”

“இறக்கத்திலை மிசின் வாய்க்கால் பக்கமா இழுத்தது. அத்தான் வலப்பக்கப் பிடியை இறுக்கினவர். அது கேக்கேல்லை. இடப்பக்கம் பாய்ஞ்சிட்டுது.”

பிடி பழுது என்றால் பழி யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். மிசினை இடம் வலம் திருப்ப இறுக்கும் அந்த இரண்டு பிடிகளுக்கும் முதல்நாள்தான் புதுக் கம்பி போட்டிருந்தான் மிசின் திருத்துகிற கணபதி. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டை விட்டு வந்து மூன்று வருசமாக இங்கே பிழைக்கிறவன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சும்மா இருந்த தம்பிக்கும் மிசின் பழக்கும்படி புருசனை அரித்தெடுத்தவளே நேசமலர்தான். போன கிழமைதான் முத்துலிங்கம் சம்மதித்தான். “வயலுக்கை மட்டும் ஓடட்டும், குளக்கட்டிலை ஓட இன்னும் பழக்கம் காணாது” என்றும் சொல்லியிருந்தான். இன்று பிடி யார் கையில் இருந்தது? தம்பி கையில் என்றால் புருசனைக் கொன்றது அவளுடைய வாய்தான். கம்பியில் பிழை என்றால் அவள் தப்பினாள்.

“கம்பிதான் ஐயா!” தலையிலடித்துக் கொண்டு கத்தினாள். “கணபதி சரியா முடுக்கேல்லை. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்!”

அவள் பார்க்கவேயில்லை. அந்த நேரம் குசினியில் நின்றாள். கணபதியை ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அந்தப் பார்வை நாள் முழுக்க அவளை அறுத்தது.

மாலை நாலு மணி. தூக்கி நிறுத்திய மிசினின் வலப்பக்கப் பிடியைச் சார்ஜன்ட் இறுக்கினார். வலச் சில்லு உடனே இஞ்சினிலிருந்து விடுபட்டுச் சுயமாகச் சுழன்றது. விட்டார், பிடித்துக்கொண்டது. இடப்பக்கமும் அப்படியே.

“கம்பி இப்ப நல்லாத்தான் கேக்குது, அந்த நேரம் கேட்டுதோ தெரியாது” என்றவர் நேசமலரிடம் திரும்பினார். “தங்கச்சி, புருசனோடை இந்தக் கட்டாலை எத்தினையோ தரம் வந்திருப்பீர். இறங்கேக்கை வாய்க்காலுக்கு விலத்த அவர் எந்தப் பிடியை இறுக்கிறவர்?”

செல்வநாயகம் தலையை நிமிர்த்தி அக்காவைப் பார்த்தான். ‘வலம்’ என்று ஒரு சொல் சொன்னால் தம்பி தப்புவான், கணபதி மறியல் வீட்டுக்குப் போவான். சொல்லவும் வாயெடுத்தாள். ஜீப்பில் ஏறிய கணபதியின் முகம் முன்னே வந்தது.

“இடப்பக்கம்” என்றாள். “வாய்க்கால் பக்கப் பிடியையெல்லோ இறுக்கிறியள், விழப்போறம் எண்டு நான் கத்துறனான். அவர் சிரிப்பார். மிசின் வலப்பக்கம்தான் திரும்பும்.”

“அதுதான் விசயம். சமதரையிலை வலப்பிடியை இறுக்கினா வலம் திரும்பும். இறக்கத்திலை பாரப் பெட்டி பின்னாலை தள்ளும். இறுக்கின பக்கத்துச் சில்லு இஞ்சினை விட்டுக் கழண்டு முந்தி ஓடும், மற்றதை இஞ்சின் பிடிச்சு வைக்கும். எல்லாம் மாறிப்போகும். முத்துலிங்கத்துக்கு இது தண்ணிபட்ட பாடு, அவர் வலத்தை இறுக்கியிருக்கவே மாட்டார். சமதரையிலை மட்டும் பழகின ஆள்தான் இறுக்கும்.” செல்வநாயகத்தின் தோளில் கை வைத்தார். “ஓடினது நீர். வலத்தை இறுக்கினது எண்டு சொன்னது மட்டும்தான் உண்மை. அது கம்பியைக் காட்டிக்குடுக்கும் எண்டு நினைச்சீர். உம்மைத்தான் காட்டிக்குடுத்தது.”

செல்வநாயகம் அப்படியே குந்திவிட்டான். “குளக்கட்டிலை நான்தான் மிசினைக் கேட்டு வாங்கினனான், அக்கா. அத்தான் வேண்டாமெண்டவர். உன்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது எண்டுதான்...”

அவள் அவனை அடிக்கவில்லை. அடிக்க எந்த உரிமையும் தனக்கு இல்லையென்று தோன்றியது.

பொழுதுபடப் பொலிஸ் நிலையத்தில் கணபதியை வெளியே விட்டார்கள். தன் பொய்யை ஒத்துக்கொள்ள வந்திருந்த நேசமலர் வாசலில் நின்றாள்.

“விசர் மனிசா” என்று சார்ஜன்ட் சத்தம் போட்டார். “செய்யாத பிழையை ஏன் செய்தனான் எண்டு ஒத்துக்கொண்டனீர்?”

“கம்பிய நல்லாத்தாங்க முடுக்கினேன்” என்றான் கணபதி. பிறகு நேசமலரைப் பார்த்துக் கைகூப்பினான். “ஆனா அம்மா பக்கத்துல நின்னு பாத்ததா சொன்னாங்களே. புருஷன் பொணத்து முன்னால யாராச்சும் பொய் சொல்லுவாங்களா? தப்பா முடுக்குனது எனக்குத்தான் ஞாபகம் இல்லைன்னு நெனச்சிட்டேங்க.”