ஏழுகாலன் சாகுமா?

முந்திரியின் அப்பா வேற்றுக்கிரகக் கதைகள் எழுதுகிறவர். காலையில் சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார் என்றால், மதியத்துக்குள் ஒரு கிரகத்தையாவது பொடிப்பொடியாக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார். பிறகு பாத்திரம் கழுவுவார். கிரகங்களை அழிக்கத் தெரிந்தவருக்குப் பால் பாத்திரத்தின் அடியில் பிடித்ததைத் தேய்த்து எடுக்க மட்டும் தெரியாது. அது அம்மாவின் மனக்குறை.

முந்திரிக்கு நிஜப்பெயர் வேறு. கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லிவிடும் முந்திரிக்கொட்டை என்பதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அப்பா எழுதிய 'கிறூம்' கிரகக் கதையின் கடைசியில் சில பக்கங்கள் காலியாக இருந்தன. "சும்மா விடாம எதையாவது போடுங்க சார்" என்றார் பதிப்பாளர். அப்பா சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து, கிறூம்வாசிகளுக்கு ஒரு மொழியையே உண்டாக்கி, அகராதி போட்டு, பக்கங்களை நிரப்பினார். திங்கட்கிழமை அதைச் சுத்தமாக மறந்தும் போனார்.

முந்திரியும் தம்பியும் மறக்கவில்லை. வீட்டில் ரகசியம் பேச இதைவிட நல்ல மொழி எங்கே கிடைக்கும்? 'அம்மா வர்றாங்க, ஒளிச்சு வை' என்பதைக் கிறூம் மொழியில் அவர்கள் எவ்வளவு தடவை சொல்லியிருப்பார்களோ, அந்த ஒரு வாக்கியம் இப்போது அம்மாவுக்கும் தெரியும்.

ஆனால், பேட்டி எடுக்க யாராவது வந்துவிட்டால் அப்பாவின் குரல் கனத்துவிடும்.

"எனக்குக் கனவே கிறூம் மொழிலதாங்க வருது."

"குறட்டை மட்டும் நம்ம மொழிலதான்" என்று உள்ளிருந்து அம்மா சொல்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புத்தகக் கடையில் வாசகர் சந்திப்பு. வெளியே வெயில் கொளுத்தியது. அப்பா கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார். எழுத்தாளர் என்றால் அப்படித்தானாம். பக்கத்தில் பதிப்பாளர். பின்னால் ஒரு முக்காலியில் முந்திரி. கையெழுத்து வாங்க வரிசை கதவுவரை நின்றது.

அப்பாவிடம் ஒரு தலையாட்டல் உண்டு. கண்களைப் பாதி மூடி, தாடையை மெதுவாக இறக்கி, மெதுவாக ஏற்றுவார். கேள்வி புரியாதபோதெல்லாம் இதைத்தான் செய்வார். பார்க்கிறவர்களுக்குப் பெரிய ஞானி மாதிரி தெரியும்.

வரிசையில் ஒரு பையன் வந்தான். முந்திரியின் வயதுதான் இருக்கும். அவன் கையிலிருந்த புத்தகம் படித்துப் படித்து உப்பிப் போயிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, தெளிவாகக் கேட்டான்:

"ஏழுகாலன் தொம்பே ஓரா?"

அப்பா தலையாட்டினார்.

பையனின் முகம் வெளிறியது. மறுபடியும் கிறூம் மொழியில் ஏதோ கேட்டான். அப்பா இன்னும் கம்பீரமாகத் தலையாட்டி, அவன் தோளையும் தட்டிக்கொடுத்தார். வரிசை கைதட்டியது.

முந்திரி மட்டும் கைதட்டவில்லை. பையன் முதலில் கேட்டது, 'ஏழுகாலன் செத்துப்போயிடுமா?' இரண்டாவதாகக் கேட்டது, 'நிஜமாவா?'

ஏழுகாலன் என்பது கதையில் வரும் ஏழு கால் குதிரை. போன புத்தகம் முடியும்போது அது நெருப்பு ஏரியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

பையன் கதவோரம் போய் நின்று சட்டைக் காலரைக் கடித்தான். "என்னடா சொன்னாரு?" என்று அவன் அம்மா கேட்டார்.

"ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போலாம்."

'நீ கேட்டது எங்கப்பாவுக்குப் புரியவே இல்ல' என்ற பதில் முந்திரியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அகராதியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, அந்தப் பையன் மொத்த மொழியையும் கற்றிருக்கிறான். அதை எழுதியவருக்கே அது தெரியாது என்று தெரிந்தால்? குதிரை செத்ததைவிட அது மோசம். முந்திரி பதிலை விழுங்கினாள். அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"அப்பா, ஏழுகாலன் சாகுமான்னு கேட்டான். நீங்க ஆமான்னுட்டீங்க."

"தெரியாம ஆட்டினாலும் சரியாத்தான் ஆட்டியிருக்கேன்" என்று அப்பா கிசுகிசுத்தார். "நேத்துதான் செத்துச்சு. நெருப்பு ஏரில. ரொம்ப நல்லா வந்திருக்கு."

"அப்ப அவன்கிட்டயும் போய் நல்லா வந்திருக்குன்னு சொல்லுங்க."

அப்பா கதவுப் பக்கம் பார்த்தார். பையன் காலரைவிட்டு இப்போது சட்டைக்கையைக் கடித்துக்கொண்டிருந்தான். அப்பா மஃப்ளரைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உயிரோட இருக்கும்னு எப்படிச் சொல்லணும்?"

"ஏழுகாலன் பிலூமே."

அப்பா எழுந்து போய்ப் பையனின் முன்னால் குந்தினார். முந்திரியும் கூடவே போனாள்.

"ஏழுகாலன்... பீலுமே."

பையன் நிமிர்ந்தான். "பிலூமே" என்று திருத்தினான். பிறகு அவனே கண்களை விரித்து, "ஓ, நீங்க மலைவாசிங்க மாதிரி பேசறீங்களா? அவங்கதான் அப்படி இழுப்பாங்க" என்றான்.

அப்பா முந்திரியைப் பார்த்தார். மலைவாசிகள் எப்படிப் பேசுவார்கள் என்பதும் அவருக்கு மறந்துவிட்டிருந்தது.

"ஆனா முதல்ல ஆமான்னு தலையாட்டினீங்களே?"

"அப்போ செத்துத்தான் போயிருந்துச்சு. மாத்திட்டேன்."

"எப்போ?"

"இதோ, இப்பதான்."

பையன் வெகுநேரம் அப்பாவின் முகத்தையே ஆராய்ந்தான். பிறகு புத்தகத்தை நீட்டினான். "கையெழுத்துப் போடுங்க."

பதிப்பாளர் வந்தார். "என்ன சார் மாத்தறீங்க? நாளைக்குக் கதை வந்துடும்னீங்களே?"

"ஒரு குதிரையைக் காப்பாத்த வேண்டியிருக்கு."

"கால்நடை டாக்டர் யாரையாவது கூப்பிடட்டுமா?"

மறுநாள் காலை அப்பா தட்டுகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். ஏரியை வற்ற வைத்துப் பார்த்தார். மழை பெய்ய வைத்தார். குதிரைக்கு இறக்கை முளைக்க வைத்தார். எதுவும் சரிப்படவில்லை.

"நெருப்புல விழுந்ததை எப்படி எடுக்கறது?" என்று தலையைச் சொறிந்தார்.

"விழுந்தாத்தானே எடுக்கணும்? கரையில ஒரு வேலியைப் போடுங்க" என்றாள் முந்திரி, ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே.

"வேற்றுக்கிரகத்துல வேலியா? யாரு போடுவா?"

"குதிரை வளர்க்கிறவங்க போடுவாங்க."

அப்பா விசைப்பலகையைத் தட்டத் தொடங்கினார். நாலுகால் பாய்ச்சலே பார்க்கப் பயமாக இருக்கும். இது ஏழுகால் பாய்ச்சல். ஓடிவந்த ஏழுகாலன் வேலியில் மோதி நின்றது. அந்தப் பக்கம் கொதிக்கும் ஏரியை ஒருமுறை எட்டிப் பார்த்தது. மூக்கைச் சுளித்தது. பிறகு திரும்பி, புல் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு போனது.